ரத்தத்தில் கிருமி பரவினால் மாட்டின் எதிர்ப்பு சக்தி ஏன் சரிகிறது?

கன்று ஈன்று நான்கைந்து நாள் நன்றாக இருந்த பசு, திடீரென்று தீவனத்தை விட்டுவிடுகிறது. மருத்துவர் வந்து ஊசி போடுகிறார், குளுக்கோஸ் ஏற்றுகிறார். அன்று மாலை எழுந்து நிற்கும் மாடு, மறுநாள் காலை மீண்டும் படுத்துவிடுகிறது. இன்னொரு வீட்டில், கழிச்சலில் சாகக் கிடந்து பிழைத்த கன்று, அடுத்த இரண்டு மாதமும் சளி, மூட்டு வீக்கம், தோல் நோய் என்று ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. மருந்து சரியில்லை என்றும், கண்ணேறு பட்டுவிட்டது என்றும் ஊரில் பேசிக்கொள்வார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம், கிருமியை எதிர்க்க வேண்டிய மாட்டின் சொந்த ரத்த செல்கள் செயலிழந்து போனதுதான்.

ரத்தம் விஷமாகிவிட்டது என்று மருத்துவர்கள் எளிமையாகச் சொல்லும் இந்த நிலைக்குப் பெயர் செப்சிஸ். மடி, கருப்பை, தொப்புள், குடல், நுரையீரல் என ஏதோ ஓர் இடத்தில் தொடங்கிய தொற்று அந்த இடத்தோடு நிற்காமல் உடல் முழுவதையும் பாதிப்பதை இது குறிக்கும். 2016-ம் ஆண்டில் உலக அளவிலான மருத்துவ நிபுணர் குழு மனிதர்களுக்கான செப்சிஸுக்குப் புதிய விளக்கம் கொடுத்தது. தொற்றை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உடலின் உறுப்புகளையே கெடுத்து, உயிருக்கு ஆபத்தாவதுதான் செப்சிஸ் என்பது அதன் சாரம். கேடு கிருமியிடமிருந்து மட்டும் வருவதில்லை, உடலின் எதிர்ப்பு தடம் மாறுவதிலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாட்டுக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் இதே கணக்குத்தான்.

வெள்ளை அணுக்களின் வேலை

மாட்டின் ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கில், சுமார் 4,000 முதல் 12,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். இவற்றில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஓடி வருபவை நியூட்ரோபில் செல்கள். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ரத்தத்தில் சில மணி நேரமே சுற்றும். கிருமி புகுந்த இடத்தை மோப்பம் பிடித்து, ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து வெளியேறி, கிருமியை விழுங்கிக் கொல்லும். அந்த வேலையில் தாமும் சாகும். புண்ணில் நாம் பார்க்கும் சீழ் பெரும்பாலும் இறந்த நியூட்ரோபில்கள்தான். மடிநோய் சோதனைக் கரைசலை ஊற்றியதும் பால் கூழ் போலக் கெட்டியாகிறதே, அதுவும் இவற்றால்தான். பாலில் குவிந்திருக்கும் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளிவந்து பாலைக் கெட்டியாக்குகிறது.

இரண்டாவது வகை மேக்ரோபேஜ் என்னும் பெரிய விழுங்கு செல்கள். ரத்தத்தில் இருக்கும்போது இவற்றுக்கு மோனோசைட் என்று பெயர். கிருமியை விழுங்குவதோடு, அதன் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் தூக்கிப் பிடித்து மற்ற செல்களுக்கு அடையாளம் காட்டும். மூன்றாவது வகை லிம்போசைட்டுகள். எதிர்ப்புப் புரதம் தயாரிப்பதும், ஒருமுறை பார்த்த கிருமியை நினைவில் வைப்பதும் இவற்றின் பொறுப்பு. தடுப்பூசி வேலை செய்வதே இவற்றை நம்பித்தான்.

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோஃப் நட்சத்திர மீன் குஞ்சுகளின் உடலில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. விழுங்கு செல்களைப் பற்றிய அறிவு அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முள் குத்திய இடம் எது என்று தெரிந்து அங்கே போவதுதான் இந்தச் செல்களின் பலம். செப்சிஸ் முதலில் அடிப்பதும் அந்தப் பலத்தைத்தான்.

வழி தவறும் செல்கள்

தரையில் ஒரு மூலையில் வெல்லக்கட்டி கிடந்தால் எறும்பு நேராக அங்கே போய்விடும். தரை முழுவதும் வெல்லத் தண்ணீரைத் தெளித்துவிட்டால்? எறும்புக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. செப்சிஸில் நடப்பதும் இதுதான். தொற்று ஓர் இடத்தில் இருக்கும்வரை, அங்கிருந்து வரும் வேதிச் சமிக்ஞை அந்த இடத்தில் அதிகமாகவும் ரத்தத்தில் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நியூட்ரோபில் திசை கண்டுபிடிக்கிறது. சமிக்ஞை ரத்தம் முழுவதும் நிரம்பிவிட்டால் அந்த வித்தியாசம் அழிந்துவிடுகிறது.

அதோடு முடிவதில்லை. இடைவிடாத சமிக்ஞையைத் தாங்க முடியாமல் நியூட்ரோபில் தன் மேற்பரப்பில் உள்ள மோப்பப் புரதங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல்லின் உடல் விறைத்துப்போகிறது. வளைந்து நெளிந்து குழாய்ச் சுவரைக் கடக்க வேண்டிய செல், நுரையீரலிலும் கல்லீரலிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி நின்றுவிடுகிறது. கிருமியைக் கொல்ல வைத்திருந்த வீரியமான பொருட்களை அங்கேயே கொட்டுவதால் நல்ல திசு வெந்துபோகிறது. மடியில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போது, அதற்கான படை நுரையீரலில் சிக்கி அங்கே சேதம் செய்துகொண்டிருக்கிறது. மாடு மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதன் எலும்பு மஜ்ஜையில் தயாராக இருக்கும் நியூட்ரோபில் இருப்பு, நாய் போன்ற விலங்குகளோடு ஒப்பிட்டால் குறைவு. கடுமையான தொற்றில் நாய்க்கு வெள்ளை அணு எண்ணிக்கை ஏறும். மாட்டுக்கோ முதல் ஓரிரு நாளில் எண்ணிக்கை 4,000-க்கும் கீழே விழுந்துவிடுவது சாதாரணம். இருப்பு தீர்ந்ததும் மஜ்ஜை முதிராத செல்களை அவசரமாக வெளியே அனுப்புகிறது. எண்ணிக்கைக்கு அவை சேரும், முதிர்ந்த செல்லைப் போல விழுங்கவும் கொல்லவும் அவற்றுக்குத் தெம்பு போதாது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு குறைவு, இளஞ்செல் அதிகம் என்று வந்தால் மருத்துவர் முகம் மாறுவது இதனால்தான்.

மரத்துப்போகும் செல்கள்

ஈ. கோலை போன்ற சாணக் கிருமிகளின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. கிருமி சாகும்போது இது பெருமளவில் வெளியேறும். இதை உணர்வதற்கென்றே மேக்ரோபேஜில் ஒரு புரதம் உண்டு. முதன்முறை நச்சு பட்டதும் மேக்ரோபேஜ் கூச்சல் போட்டு உடல் முழுவதையும் எழுப்பும். காய்ச்சல், படபடப்பு, தீவனம் மறுப்பது எல்லாம் அந்தக் கூச்சலின் விளைவு.

அதே நச்சு தொடர்ந்து பட்டால் என்ன ஆகும்? 1940-களில் அமெரிக்க மருத்துவர் பால் பீசன் முயல்களுக்கு டைபாய்டு தடுப்பு மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். முதலில் நன்றாக ஏறிய காய்ச்சல், போகப்போகக் குறைந்துவிட்டது. செப்சிஸில் மேக்ரோபேஜும் மோனோசைட்டும் இதேபோல மரத்துவிடுகின்றன. இரண்டாவது கிருமி வந்தாலும் அவை கூச்சல் போடுவதில்லை. கிருமித் துண்டைத் தூக்கிக் காட்டும் புரதத்தையும் குறைத்துக்கொள்கின்றன. இது உடல் தன்னைத்தானே எரித்துக்கொள்ளாமல் இருக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அளவோடு இருந்தால் நல்லது. செப்சிஸில் அது அளவு கடந்து, உடலைக் காவலின்றி விட்டுவிடுகிறது.

லிம்போசைட்டுகளின் கதி இன்னும் மோசம். அவை கூட்டம் கூட்டமாகத் தாமாகவே மடிகின்றன. கிருமி வந்து கொல்வதில்லை, செல் தனக்குள் இருக்கும் அழிவு விசையைத் தானே தட்டிவிடுகிறது. மடிந்த லிம்போசைட்டுகளை விழுங்கும் மேக்ரோபேஜ் மேலும் அடங்கிப்போகிறது. மிச்சமிருக்கும் லிம்போசைட்டுகளின் மேற்பரப்பில், ஓய்வெடு என்று கட்டளை இடும் புரதங்கள் முளைக்கின்றன. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதிகளும் பழுதாகின்றன.

மாட்டில் இதைப் பற்றிய ஆய்வுகளைவிட மனிதரில் நடந்தவை அதிகம். 2011-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், செப்சிஸால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்த 40 பேரின் மண்ணீரல், நுரையீரல் திசுக்களை இறந்த சிறிது நேரத்திலேயே எடுத்துப் பார்த்தார்கள். மண்ணீரல் செல்களைத் தூண்டிவிட்டபோது, மற்றவர்களின் செல்கள் சுரந்த சமிக்ஞைப் புரதங்களில் பத்தில் ஒரு பங்குகூட அவை பெரும்பாலும் சுரக்கவில்லை. அதிகப்படியான எதிர்வினைதான் ஆளைக் கொல்கிறது என்று நம்பி, அதை அடக்கும் மருந்துகளை 1990-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை உயிரைக் காக்கவில்லை. எரிவதும் அணைவதும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒன்றை மட்டும் பிடித்து இழுப்பது பலிக்கவில்லை என்று இப்போது புரிந்துகொள்கிறார்கள்.

ஈன்ற மாடு ஏன் எளிதில் விழுகிறது

ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து ஈன்ற மூன்று வாரம் வரை பசுவின் எதிர்ப்பு செல்கள் இயல்பாகவே சோர்ந்திருக்கும். ஈனும் நேரத்தில் சுரக்கும் கார்டிசால், நியூட்ரோபில் குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ள உதவும் புரதத்தை உதிரச் செய்கிறது. பால் சுரப்பு கூடும் வேகத்துக்குத் தீவனம் தின்ன முடியாத மாடு, உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்பு அமிலங்களும் கீட்டோன்களும் செல்களை மந்தமாக்குகின்றன. சுண்ணாம்புச்சத்தெல்லாம் சீம்பாலுக்குப் போய்விடுவதால் ரத்தத்தில் அது குறைகிறது. எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொள்வதற்குச் செல்லுக்குள் சுண்ணாம்புச்சத்து வேண்டும். அது அங்கேயும் குறைந்துவிடுகிறது.

நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும் இதோடு சம்பந்தப்பட்டதுதான். கொடியைக் கருப்பையிலிருந்து பிரிக்கும் வேலையில் நியூட்ரோபில்களுக்கும் பங்கு உண்டு. கொடி தங்கிய மாடுகளில் ஈனுவதற்கு முன்பே நியூட்ரோபில்கள் மந்தமாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கொடி தங்கிய மாட்டைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அதற்குக் கருப்பையிலும் மடியிலும் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். கையை விட்டுப் பலமாக இழுத்தால் கருப்பைச் சுவர் கிழிந்து கிருமி நேராக ரத்தத்தில் ஏறும். வெளியே தொங்கும் கொடியில் செங்கலைக் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

ஈ. கோலை மடிநோய் இந்த நாட்களில்தான் கடுமையாகத் தாக்கும். ஒரே கிருமி, ஒரே அளவு, ஆனால் ஒரு மாடு இரண்டு நாளில் தேறிவிடும், இன்னொன்று செத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் நியூட்ரோபில்கள் மடிக்குள் வந்து சேர்கின்றன என்பதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம். சில மணி நேரம் தாமதித்தால் கிருமி பல மடங்கு பெருகிவிடும். பிறகு வரும் செல்கள் அத்தனையையும் கொல்லும்போது நச்சும் அத்தனை வெளியேறும்.

கன்றுக்குக் காவல் சீம்பால்

மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்புப் புரதத்தோடு பிறக்கிறது. கன்று அப்படி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு அந்தப் புரதத்தைக் கன்றுக்குள் விடாது. பிறந்த கன்றின் ரத்தத்தில் அது அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அதன் விழுங்கு செல்களும் கிருமி மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருந்தால்தான் நன்றாக விழுங்கும். எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும்.

நஞ்சுக்கொடி விழும் வரை கன்றை ஊட்டவிடக் கூடாது, சீம்பால் கறக்கக் கூடாது என்னும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. கன்றுகள் ரத்த நச்சில் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கொட்டகையில் இல்லை என்பது என் கருத்து. பிறந்த கன்றின் குடல் எதிர்ப்புப் புரதத்தை முழுதாக உறிஞ்சுவது முதல் சில மணி நேரம்தான். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அது வேகமாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். கொடி விழ எட்டு, பத்து மணி நேரம்கூட ஆகலாம். அதற்காகக் காத்திருந்தால் கன்றுக்குக் கதவு மூடிவிடும். மாறாக, கன்று ஊட்டும்போது சுரக்கும் ஆக்சிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்து, கொடி விழவும் உதவும்.

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். அதில் முதல் தவணையைப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். எழுந்து ஊட்ட முடியாத கன்றுக்குக் கறந்து பாட்டிலில் புகட்டலாம். உறிஞ்சும் தெம்பே இல்லாத கன்றின் வாயில் ஊற்றாதீர்கள், மருத்துவரை அழைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கரும்பு, திராட்சை போடுபவர்கள் வைத்திருக்கும் பிரிக்ஸ் மீட்டரை இதற்கும் பயன்படுத்தலாம். சீம்பாலில் ஒரு துளி விட்டுப் பார்த்து, 22-க்கு மேல் காட்டினால் தரமான சீம்பால்.

அடுத்த வாசல் தொப்புள். தொப்புள் கொடியின் ரத்தக் குழாய் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. சாணத்திலும் கோமியத்திலும் ஈரமான தரையில் கன்று விழுந்தால், கிருமிக்கு இதைவிட நேரான பாதை இல்லை. கொடி தானாக அறுந்திருந்தால் அப்படியே விடலாம். அறுக்க வேண்டியிருந்தால் உடலிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, அதற்குக் கீழே அறுக்க வேண்டும். டிஞ்சர் அயோடினையோ போவிடோன் அயோடினையோ சிறு கிண்ணத்தில் ஊற்றி, கொடி முழுவதும் நனையும்படி முக்கி எடுங்கள். கொடி காயும் வரை சில நாள் தொடருங்கள். மஞ்சள் தடவுவதோடு நிறுத்திக்கொள்வது போதாது.

தொப்புள் வழி ரத்தத்தில் ஏறிய கிருமி முழங்கால், கணுக்கால் மூட்டுகளில் தங்கிவிடும். இரண்டாம் வாரம் மூட்டு வீங்கி நொண்டும் கன்றுக்கு அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டு வீங்கினால், அல்லது தொப்புளும் சேர்ந்து தடித்திருந்தால், அது அடிபட்ட வீக்கம் இல்லை.

தொண்டை அடைப்பான்

பாஸ்சுரெல்லா என்னும் கிருமியால் வரும் தொண்டை அடைப்பானும் ரத்த நச்சு வகைதான். இதற்கு எருமை மிக எளிதில் இரையாகும். கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகல், தொண்டை வீங்கிக் கர்கர் என்ற மூச்சு, பிறகு ஓரிரு நாளில் சாவு. இந்தக் கிருமியின் மேலுறை விழுங்கு செல்களிடம் பிடிபடாமல் நழுவ உதவுகிறது. சிகிச்சைக்கு நேரமே கிடைக்காது என்பதால் மழைக்காலத்துக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிடுவதுதான் வழி.

எப்படிக் கண்டுகொள்வது

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. ஆசனவாயில் வைத்து, குடல் சுவரைத் தொடும்படி இரண்டு நிமிடம் பிடித்தால் போதும். வளர்ந்த மாட்டுக்கு இயல்பான வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நேற்று காய்ச்சல் இருந்து, இன்று மாடு சோர்ந்து கிடக்கும்போது 100-க்குக் கீழே காட்டினால், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். உடல் போராட்டத்தைக் கைவிடும் அறிகுறி அது. காதும் கால் நுனியும் சில்லிட்டிருந்தால் இன்னும் அவசரம்.

ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். தாமதமானாலோ, ஈறு செங்கல் நிறத்தில் கன்றியிருந்தாலோ ரத்த ஓட்டம் தடுமாறுகிறது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும், மடிப்பு நின்றால் உடலில் நீர் வற்றிவிட்டது. கண் குழி விழுந்திருக்கிறதா, அசை போடுகிறதா, சாணம் போட்டதா என்று பாருங்கள். கன்றின் வாயில் சுத்தமான விரலை வைத்துப் பாருங்கள். நல்ல கன்று உடனே சப்பும். சப்பாத கன்று, வாய்க்குள் குளிர்ந்திருக்கும் கன்று, விடியும் வரை காத்திருக்கக் கூடியது இல்லை.

ஈன்ற மாடு எழ முடியாமல் படுத்தால் பால் காய்ச்சல் என்று நினைத்துக் கால்சியம் பாட்டிலைத் தாங்களே ஏற்றிவிடுபவர்கள் உண்டு. மடிநோய் நச்சில் படுத்த மாடும் பார்க்க அப்படியே இருக்கும். நச்சு ஏறிய மாட்டின் நரம்பில் கால்சியத்தை வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடலாம். முதலில் நான்கு காம்பிலும் பீய்ச்சிப் பாருங்கள். ஒரு காம்பில் மட்டும் மோர்த் தெளிவு போல நீர்த்து வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும்.

தவறாகக் கொடுக்கும் மருந்து

மருந்துக் கடையில் தாமே வாங்கிப் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டெக்ஸாமெத்தசோன் போட்டதும் காய்ச்சல் இறங்கும், மாடு தீவனம் கடிக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஏற்கனவே தடுமாறும் நியூட்ரோபில்களின் கையையும் அது கட்டிப்போடுகிறது. நிறைசினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையும். மருத்துவர் பார்த்து, தேவை என்று முடிவு செய்தால் மட்டுமே போட வேண்டிய மருந்து அது.

வலி, காய்ச்சல் குறைக்க டைக்ளோபினாக் கேட்டு வாங்காதீர்கள். பாறு கழுகுகளை அழித்ததால் கால்நடைகளுக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகியவையும் 2023-ல் தடை செய்யப்பட்டன. நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகள் நம் மாடுகளின் சடலத்தையும் தின்று வாழ்கின்றன. கழுகைக் கொல்லாத மெலாக்சிகம் கிடைக்கிறது.

ஆன்டிபயாடிக் ஊசியை ஒரு நாள் போட்டு, மாடு எழுந்ததும் நிறுத்துவது அடுத்த தவறு. மேலே சொன்னபடி, எழுந்து நிற்கும் மாட்டின் எதிர்ப்பு செல்கள் இன்னும் எழவில்லை. மிச்சமுள்ள கிருமியை முடிக்க ஆள் இல்லாதபோது மருந்தையும் நிறுத்தினால், மூன்றாம் நாள் நோய் திரும்பும். எத்தனை நாள் என்று மருத்துவர் சொன்னாரோ அத்தனை நாள் போடுங்கள். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்து மடியில் பூசுவது லேசான மடிநோய்க்கு நல்ல வைத்தியம்தான், மாடு படுத்துவிட்ட பிறகு அதை மட்டும் நம்பியிருக்கும் நேரம் இல்லை. சோர்ந்து கிடக்கும் மாட்டின் நாக்கை இழுத்துப் பிடித்து எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய், செப்சிஸோடு நிமோனியாவும் சேரும்.

பிழைத்த பிறகு

எதிர்ப்பு செல்களின் தாய் செல்கள் எலும்பு மஜ்ஜையில் இருக்கின்றன. செப்சிஸ் அவற்றிலும் தடம் விட்டுப்போவதால், பிறகு உருவாகும் புதிய செல்களும் கொஞ்ச காலம் மந்தமாகவே இருக்கும். காய்ச்சல் போன நாளை நோய் போன நாளாகக் கணக்கிடாதீர்கள். தேறிய மாட்டையும் கன்றையும் சில வாரம் தனியாக, ஈரமில்லாத தரையில் கட்டுங்கள். சந்தைக்கு ஓட்ட வேண்டாம், சந்தையிலிருந்து வந்த மாட்டோடு சேர்க்கவும் வேண்டாம். கொம்பு சுடுவது, காயடிப்பது, நீண்ட தூரம் வண்டியில் ஏற்றுவது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். ஊரில் தடுப்பூசி முகாம் நடந்தால், மாடு நோயிலிருந்து எழுந்தது எப்போது என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். லிம்போசைட்டுகள் தேறாத மாட்டுக்குப் போடும் ஊசி பலன் தராமல் போகலாம். முகாமைத் தவறவிட்டதாக நினைக்காமல், அவர் சொல்லும் நாளில் மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாம்.

அடர்தீவனத்தை ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம். நல்ல வைக்கோலும் பசுந்தீவனமும் முதலில் கொடுத்து, அசை போடுவது சீரானதும் மெதுவாகக் கூட்டுங்கள். தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் கொடுப்பது நல்லது. அதில் இருக்கும் செம்பு, துத்தநாகம் போன்றவை இந்தச் செல்களுக்குத் தேவை. வைட்டமின் ஈ, செலீனியம் ஊசி சினை மாட்டின் நியூட்ரோபில்களுக்கு உதவும் என்றாலும், செலீனியம் அளவு மீறினால் நஞ்சு. அதை நீங்களே போடாதீர்கள்.

சிகிச்சை நடக்கும் நாட்களிலும், கடைசி ஊசிக்குப் பிறகு மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரையிலும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது. கெட்ட காம்பின் பாலைத் தரையில் பீய்ச்சாமல் பாத்திரத்தில் கறந்து, கிருமிநாசினி கலந்து தள்ளிக் கொட்டுங்கள். அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரவிலோ, மருந்தகம் தொலைவில் இருந்தாலோ, 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். அழைக்கும்போது மாடு ஈன்ற நாள், உடல் வெப்பம், கடைசியாகத் தீவனம் எடுத்த நேரம், எந்தக் காம்பில் என்ன வருகிறது, ஏற்கனவே என்ன ஊசி போட்டது என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.